ஏடிவிக்குச் செயின் வாங்கும்முன்: அளவு, நீளம், சீல், லாக்

ஏடிவி என்பது மண், மணல், சேற்றில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி; குவாட் என்றும் சொல்வார்கள். முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து செயின் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் பண்ணை ரக ஏடிவிகளில், உதாரணமாக ஹோண்டா ராஞ்சர், ஃபோர்மேன் வண்டிகளில், செயின் கிடையாது, சக்கரத்தைச் சுற்றுவது ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டுதான். செயினில் ஓடுபவை பெரும்பாலும் இரண்டு வகை. யமஹா ராப்டர் 700, ஒய்எஃப்இசட் 450, ஹோண்டா டிஆர்எக்ஸ் 450ஆர், சுசுகி எல்டி-இசட் 400 போன்ற ஸ்போர்ட் குவாட்கள் ஒரு வகை. சிறுவர்களுக்கும் சுற்றுலாத் தலங்களில் வாடகை சவாரிக்கும் வரும் 110 முதல் 200 சிசி வரையான வண்டிகள் இன்னொரு வகை. இந்தக் கட்டுரை இந்த இரண்டுக்கும்தான்.

பைக் செயினும் ஏடிவி செயினும் பார்க்க ஒன்றுதான், பல சமயம் பெட்டியும் ஒன்றுதான். ஆனால் படும் பாடு வேறு. ஏடிவியின் பின் ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டும் பல்சக்கரம்) தரைக்கு மிக அருகில் சுற்றுகிறது. சேறு, மணல், ஓடைத் தண்ணீர் எல்லாம் நேராகச் செயினில்தான் விழும். ஸ்போர்ட் குவாட்டின் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியவை, இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் இல்லை. வளைவில் ஒரு டயர் உரசி வழுக்கியே தீர வேண்டும்; அந்த இழுவையும் செயின் மேல்தான் வருகிறது. மேட்டிலிருந்து த்ராட்டில் திறந்தபடியே குதித்து இறங்கினால், காற்றில் வேகமாகச் சுற்றிய டயர் தரையைத் தொட்டதும் சட்டென்று பிடிக்கும். செயினுக்கு அதைவிடப் பெரிய அடி கிடையாது.

இருந்தும், செயின் அறுந்து சாவது குறைவு, தேய்ந்து சாவதுதான் அதிகம். அதனால் "எது ரொம்ப ஸ்ட்ராங்?" என்று கேட்டு வாங்காதீர்கள். அளவு சரியா, நீளம் சரியா, மண் உள்ளே போகாமல் தடுக்க என்ன இருக்கிறது என்று இந்த வரிசையில் கேளுங்கள்.

அளவு எண்ணைப் படிப்பது

பழைய செயினின் வெளித்தகட்டில் 420, 428, 520, 530 என்று ஏதாவது ஒரு எண் பதிந்திருக்கும். முதல் இலக்கம் பிட்ச், அதாவது தகடுகளைக் கோர்க்கும் ஒரு பின்னின் (pin) மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம் வரையான தூரம், எட்டில் ஒரு அங்குலக் கணக்கில். 4 என்றால் அரை அங்குலம், 12.7 மி.மீ. 5 என்றால் எட்டில் ஐந்து அங்குலம்: 15.875 மி.மீ. பின்னால் வரும் இரண்டு இலக்கங்கள் உள்தகடுகளுக்கு நடுவே உள்ள அகலத்தைக் காட்டும். 420-க்கும் 520-க்கும் அது 6.35 மி.மீ.; 428-க்கும் 525-க்கும் 7.94, 530-க்கு 9.53.

எண் தேய்ந்து அழிந்திருந்தால் அளந்துவிடலாம். செயினை இழுத்துப் பிடித்து 11 பின்களை எண்ணுங்கள். முதல் பின் மையத்திலிருந்து 11-வது பின் மையம் வரை 10 பிட்ச். 127 மி.மீ.யை ஒட்டி வந்தால் 4 வரிசை, 159 மி.மீ.யை ஒட்டி வந்தால் 5 வரிசை. பழைய செயின் என்பதால் ஒன்றிரண்டு மி.மீ. கூடவே வரும், குழம்ப வேண்டாம். பிறகு வெர்னியர் என்ற அளவுக் கருவியை உள்தகடுகளுக்கு நடுவே விட்டு அகலம் பாருங்கள்.

மேலே சொன்ன ஸ்போர்ட் குவாட்கள் எல்லாம் 520. சின்ன வண்டிகளில் 420, 428 இரண்டும் வருகின்றன. ஒரே தோற்றமுள்ள இரண்டு வண்டிகளில்கூட வேறு வேறு செயின் இருக்கும். இறக்குமதி 110 சிசி வண்டிக்கு மாடல் பெயரைச் சொல்லி வாங்குவதைவிடப் பழைய செயினைக் கையில் எடுத்துக்கொண்டு போவதே நல்லது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 520, 525, 530 மூன்றிலும் பல்லில் உட்காரும் ரோலரின் (உருளையின்) விட்டம் ஒன்றே, 10.16 மி.மீ. அதனால் 530 செயின் 520 ஸ்ப்ராக்கெட்டில் உட்கார்ந்துவிடும். ஓடவும் ஓடும். ஆனால் பல்லின் இருபுறமும் இடைவெளி விட்டுப் பக்கவாட்டில் ஆடி, ஒரு நாள் கழன்று விழும். "அகலம் கூட இருந்தா பலம்தானே" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். 428, 420 விஷயத்தில் ரோலரே வேறு: முன்னதில் 8.51 மி.மீ., பின்னதில் 7.77. மாற்றிப் போட்டால் பல்லின் அடியில் சரியாக உட்காராது.

428-க்குப் பின்னால் எச் என்ற எழுத்து வந்தால் தகடு தடிமனானது என்று பொருள். ஸ்ப்ராக்கெட்டுக்கு அது பொருந்தும், ஆனால் மொத்த அகலம் சற்றுக் கூடும். என்ஜின் பக்கம் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு 428 தட்டுப்பாடே இல்லை. சாதாரண பைக்குகளில் பெரும்பாலும் ஓடுவது அதுதான். கோவையின் ரோலான், சென்னையின் டயமண்ட் ஆகிய இரண்டு பெயரும் எந்த உதிரிபாகக் கடையிலும் இருக்கும். மலிவான இறக்குமதி வண்டியோடு வந்த செயினைக் கழற்றிவிட்டு இவற்றில் ஒன்றைப் போடுவது முன்னேற்றம்தான். 520 வேண்டுமென்றால் கேடிஎம் ட்யூக் செயின் அதே அளவு. ஆனால் பைக் கிட்டில் வரும் செயின் உங்களுக்குத் தேவையானதைவிட நீளமாக இருக்கும், சிலவற்றில் லாக் (இரு முனையையும் இணைக்கும் கண்ணி) இல்லாமல் வட்டமாகவே ரிவெட் அடித்தும் வரும். வெட்டித்தான் போட வேண்டும். அதே செயினுக்கான லாக் தனியாகக் கிடைக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சீல் வேண்டுமா, வேண்டாமா

செயின் "நீண்டுவிட்டது" என்று சொல்கிறோம். தகடு நீள்வதில்லை. பின்னும் அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும் ஒன்றையொன்று தின்கின்றன. ஒவ்வொரு மூட்டிலும் நூலளவு இடைவெளி விழுகிறது. 98 மூட்டுகளில் அது சேர்ந்தால் செயின் தொங்குகிறது. ஆகவே செயினின் ஆயுள் என்பது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இருக்கும் கிரீஸின் ஆயுள்.

சாதாரணச் செயினில் அந்த கிரீஸைக் காக்க எதுவும் இல்லை. சேற்றில் இரண்டு முறை இறங்கினால் கழுவிப் போய்விடும்; மணல் அந்த இடத்தைப் பிடிக்கும். ஓ-ரிங் செயினில் உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே ரப்பர் வளையம் வைத்து, தொழிற்சாலையில் நிரப்பிய கிரீஸை அடைத்துவிடுகிறார்கள். எக்ஸ்-ரிங் அதன் அடுத்த படி. வளையத்தின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் நான்கு உதடுகளோடு இருப்பதால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இடத்தில் அடைக்கிறது, உராய்வும் ஓ-ரிங்கைவிடக் குறைவு.

புதிதாக வாங்குபவருக்கு எங்கள் பரிந்துரை: 250 சிசிக்கு மேற்பட்ட எந்த ஸ்போர்ட் குவாட்டுக்கும் எக்ஸ்-ரிங், கிடைக்காவிட்டால் ஓ-ரிங். விலை கூடுதல்தான். ஆனால் செயின் தேயும்போது ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே தேய்த்துவிடும் என்பதால், மலிவான செயினில் மிச்சம் பிடித்த காசு இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்குப் போய்விடும்.

சாதாரணச் செயின் சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு கழற்றிக் கழுவி, சீசனுக்குப் பல செயின் மாற்றும் பந்தயக்காரர்கள் எடைக்காகவும் உராய்வுக்காகவும் அதைத்தான் போடுவார்கள். 110 சிசி சிறுவர் வண்டிக்கும் அது போதும். அந்தச் சக்திக்கு சீல் வளையங்களின் இறுக்கமே ஒரு சுமை. இன்னொரு காரணம் இடம். சீல் செயினின் பின் நீளமானது, மொத்த அகலம் அதிகம். சாதாரணச் செயினுக்கென்று வடிவமைத்த பழைய வண்டியில் போட்டால் முன் ஸ்ப்ராக்கெட் அருகே என்ஜின் உறையையோ கவரையோ ரிவெட் முனை உரசலாம். போட்டதும் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

பெட்டியில் இழுவிசைத் தாங்கு திறன் என்று ஒரு பெரிய எண் அச்சிட்டிருப்பார்கள். நல்ல 520 சீல் செயின்கள் 3,500 கிலோவை ஒட்டித் தாங்கும். அந்த எண் செயின் அறுபடும் எல்லை, தேயும் வேகம் அல்ல. இரண்டு நல்ல செயின்களுக்கு நடுவே தேர்வு செய்ய அதைப் பயன்படுத்த வேண்டாம். எண்ணே அச்சிடாத செயினைத் தவிர்க்கப் பயன்படுத்துங்கள். தங்க நிறம் துருவை ஓரளவு தள்ளிப்போடும். மற்றபடி அழகு.

எத்தனை லிங்க்

மேனுவலில் லிங்க், அதாவது செயின் கண்ணிகளின், எண்ணிக்கை இருக்கும். முந்தைய உரிமையாளர் ஸ்ப்ராக்கெட்டை மாற்றியிருந்தால் அந்த எண் பயன்படாது. அதனால் ஸ்ப்ராக்கெட் பற்களை நேரில் எண்ணுங்கள். கணக்கு கடினமில்லை. பின் அச்சை அட்ஜஸ்டரில் முடிந்தவரை முன்னால் தள்ளிவிட்டு, முன் ஸ்ப்ராக்கெட் மையத்திலிருந்து பின் அச்சு மையம் வரை அளக்கவும். அந்தத் தூரத்தை இரட்டித்துப் பிட்சால் வகுக்கவும். இரண்டு ஸ்ப்ராக்கெட்டின் பற்களையும் கூட்டி அதில் பாதியைச் சேர்க்கவும். கடைசியாக ஒரு சிறு திருத்தம்: பற்களின் வித்தியாசத்தை அதனாலேயே பெருக்கி, பிட்சாலும் பெருக்கி, மையத் தூரத்தாலும் 39.5-ஆலும் வகுத்துச் சேர்க்கவும்.

எடுத்துக்காட்டாக முன்னால் 14 பல், பின்னால் 38, மையத் தூரம் 560 மி.மீ., செயின் 520 என்று வைத்துக்கொள்வோம். 1,120-ஐ 15.875-ஆல் வகுத்தால் 70.55. பற்களில் பாதி 26. திருத்தம் 0.41. மொத்தம் 96.96. லிங்க் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் லாக் என்பது ஒரு வெளி லிங்க். அதன் இரு பக்கமும் உள் லிங்க்தான் வர முடியும். ஆகவே 98. கூடுதலாக வரும் ஒரு லிங்குக்கு அச்சு சுமார் 8 மி.மீ. பின்னால் போகும். உங்கள் அட்ஜஸ்டர் அதற்கு மேலும் நகருமானால் நல்லது. போகப்போக வரும் தேய்மானத்துக்கு இடம் வேண்டும். கணக்கு 96.1 என்று வந்தாலும் 96 போதாது, 98-தான். ஒற்றைப்படையை ஈடுகட்ட அரை லிங்க் என்று ஒன்று விற்பார்கள். ஏடிவியில் அதைப் போடாதீர்கள்.

520 செயின் பொதுவாக 120 லிங்க் நீளத்தில் விற்கும். வெட்டும்போது வெளித்தகட்டுப் பின்னின் தலையை முதலில் கிரைண்டரில் தேய்த்துச் சமமாக்கிவிட்டு, பிறகு செயின் பிரேக்கரால் தள்ளுங்கள். தேய்க்காமல் தள்ளினால் உடைவது பிரேக்கரின் ஊசி. இரண்டு முனையிலும் உள் லிங்க் மிஞ்ச வேண்டும். எண்ணிவிட்டு இன்னொரு முறை எண்ணுங்கள். வெட்டிய செயினை ஒட்ட முடியாது.

ஸ்ப்ராக்கெட்

பழைய ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் போடக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், பலரும் போடுகிறார்கள். தேய்ந்த செயினின் கூடிய பிட்சுக்கு ஏற்பப் பல் கொக்கிபோல வளைந்திருக்கும். புதுச் செயினின் ரோலர் அந்தக் கொக்கியில் மாட்டி மாட்டி விடுபடும். செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் ஆகிய மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பின்னால் அலுமினியம் எடை குறைவு, சீக்கிரம் தேயும். சேற்றில் ஓட்டுபவருக்கு இரும்பு. பற்களை மாற்ற நினைத்தால், முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் மூன்று பல் கூட்டுவதற்குக் கிட்டத்தட்டச் சமம்: 38-ஐ 13-ஆல் வகுத்தால் 2.92, 41-ஐ 14-ஆல் வகுத்தால் 2.93. முன்னதில் பழைய நீளச் செயினே போதும், பின்னதில் ஒன்றரை லிங்க் கூடுதலாகத் தேவைப்படும். ஆனால் முன் ஸ்ப்ராக்கெட் சிறுத்தால் செயின் இன்னும் கூர்மையாக மடங்கும், பின் அச்சைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மின் மேலிருக்கும் பிளாஸ்டிக் ஸ்லைடரிலும் அதிகம் உரசும்.

செயின் லாக்: கிளிப்பா, ரிவெட்டா

கிளிப் லாக்கைச் சாதாரண கட்டிங் பிளையர் கொண்டே கழற்றிவிடலாம், அடிக்கடி கழற்றிக் கழுவுபவருக்கு வசதி. புதர், குச்சி, கல் தட்டினால் கிளிப் தெறித்துப் போகும் என்பதுதான் குறை. ரிவெட் லாக்குக்குக் கருவி வேண்டும், ஆனால் தட்டினாலும் ஒன்றும் ஆகாது. 450 சிசிக்கு மேல் ரிவெட்டே நல்லது. எதுவானாலும் அதே நிறுவனம், அதே மாடல் செயினுக்குரிய லாக்காக இருக்க வேண்டும். 520 என்று இரண்டிலும் எழுதியிருந்தாலும் பின்னின் விட்டமும் தகட்டின் தடிமனும் மாறும்.

மாட்டும் வரிசை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பழைய செயின் இருக்கும்போதே முன் ஸ்ப்ராக்கெட்டின் நட்டை இளக்குங்கள். பின் பிரேக்கை ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். செயினைக் கழற்றிய பிறகு அந்த நட்டைத் திறக்க முயன்றால் ஷாஃப்ட் சும்மா சுற்றும்.

2. பின் அச்சின் பேரிங் தாங்கியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை இளக்கி, அச்சை முன்னால் தள்ளுங்கள். பல குவாட்களில் இந்தத் தாங்கி மையம் விலகிய வட்டம். அதைச் சுழற்றினால் அச்சு முன்பின் நகரும். போல்ட்டை முழுமையாக இளக்காமல் கம்பி விட்டுச் சுழற்றினால் துளையின் விளிம்பு சிதையும்.

3. பழைய செயினைக் கழற்றி, முன் ஸ்ப்ராக்கெட் கவருக்குள் அப்பியிருக்கும் மண்ணையும் கிரீஸையும் சுரண்டி எடுங்கள். ஸ்லைடரோ செயினைத் தாங்கும் வழிகாட்டி ரோலரோ தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். பின் அச்சை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது, புதுச் செயினும் கோணலாகத்தான் ஓடும்.

4. ஸ்ப்ராக்கெட்டுகளைப் போட்டு, செயினைச் சுற்றி, இரண்டு முனையும் பின் ஸ்ப்ராக்கெட்டில் சந்திக்கும்படி வையுங்கள். பற்களே முனைகளைப் பிடித்துக்கொள்ளும்.

5. லாக்கோடு வரும் கிரீஸைப் பின்களில் தாராளமாகப் பூசுங்கள். சீல் செயினுக்கு நான்கு வளையங்கள்: உள்ளே இரண்டு, வெளித்தகடு போடும்முன் இரண்டு. ஒன்றை மறந்தாலும் அந்த மூட்டுதான் முதலில் தேயும்.

6. தகட்டை அழுத்தும்போது பக்கத்து லிங்கின் மொத்த அகலத்தை வெர்னியரில் பார்த்து அதே அளவில் நிறுத்துங்கள். அதிகம் அழுத்தினால் வளையம் நசுங்கி, அந்த லிங்க் மடங்காமல் விறைத்து நிற்கும்.

7. கிளிப் என்றால் மூடிய முனை, வண்டி முன்னே போகும்போது செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். ரிவர்ஸ் கியர் உள்ள வண்டிக்கும் அதேதான். ரிவெட் என்றால் பின் முனை சுமார் அரை மி.மீ. விரிய வேண்டும், சரியான எல்லை பெட்டியிலுள்ள தாளில் இருக்கும். விரிந்த முனையில் விரிசல் தெரிந்தால் அந்த லாக் குப்பைக்கு.

தொய்வு

புதுச் செயினை ஒரே நாளில் கெடுப்பது இறுக்கம். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் கீல், பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் அச்சு மிகத் தொலைவில் இருக்கும், செயினும் மிக இறுகும். வண்டி தூக்கி நிற்கையில் பார்க்கும் தொய்வு ஆள் ஏறியதும் குறைந்துவிடும். பல குவாட்களின் மேனுவலில் 25 முதல் 40 மி.மீ.க்குள் ஒரு அளவு சொல்லியிருக்கும். எங்கே, வண்டி எந்த நிலையில் இருக்கும்போது அளக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். உயரம் மாற்றிய சஸ்பென்ஷன் என்றால் அந்த எண்ணை நம்ப முடியாது. சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட்டால் பின்பகுதியைக் கீழே இழுத்து, மூன்று மையமும் நேராகும் இடத்தில் நிறுத்தி, அங்கே 10 முதல் 15 மி.மீ. அசைவு மிஞ்சும்படி வையுங்கள். செயினைச் சுற்றிச் சுற்றி நான்கைந்து இடத்தில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தையே கணக்கில் கொள்ளுங்கள். பிறகு தாங்கி போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் மேனுவல் அளவுக்கு முறுக்குங்கள்.

இறுக்கமாக விட்டால் முதலில் போவது கியர்பாக்ஸ் வெளியச்சின் பேரிங்கும் சீலும். முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் எண்ணெய் கசிவது அதன் அடையாளம். தொளதொளவென்று விட்டால் செயின் பல் ஏறி, முன் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டு, என்ஜின் உறையையே உடைக்கும். அங்கே கேஸ் சேவர் என்ற தடுப்புத் தகடு இல்லாத வண்டிக்கு ஒன்று வாங்கிப் போடுவது வீண் செலவல்ல.

புதுச் செயின் முதல் சவாரியில் கொஞ்சம் தளரும். ஓரிரு மணி நேரம் ஓட்டியதும் மறுபடி பாருங்கள்.

கழுவுவதும் எண்ணெயும்

மண்ணெண்ணெய், மென்மையான பிரஷ், துணி. பெட்ரோல், பிரேக் கிளீனர், கம்பி பிரஷ், உயர் அழுத்தத் தண்ணீர் நான்கும் சீல் வளையத்துக்கு எமன். காய்ந்ததும் 80 அல்லது 90 கிரேடு கியர் ஆயிலை, கீழ்ப்பக்கச் செயினின் உள்பக்கத்தில் படும்படி விட்டு, கூடுதலைத் துடையுங்கள். சீல் செயினுக்கும் எண்ணெய் வேண்டும்: ரோலருக்கும் வளையத்துக்கும் வெளியிலிருந்துதான் போக வேண்டும். கடற்கரை மணலில் ஓட்டுவதானால் ஒட்டாத மெழுகு வகை ஸ்பிரே. ஈர எண்ணெயில் மணல் சேர்ந்தால் அது வால்வு அரைக்கும் பேஸ்ட்டாகிவிடும். சவாரி முடிந்து செயின் சூடாக இருக்கும்போது அடித்து இரவு முழுவதும் விடுங்கள். கிளம்பும்போது அடித்தால் பாதி பின் டயருக்குத்தான் போகும்.

எப்போது மாற்றுவது

செயினை இழுத்துப் பிடித்து 21 பின், அதாவது 20 பிட்ச் அளக்கவும். புது 520-இல் அது 317.5 மி.மீ. சுசுகி தன் மேனுவல்களில் கொடுக்கும் எல்லை 319.4. மேனுவல் இல்லாதவர்கள் ஒரு சதவீதத்தைக் கோடாக வைத்து 320.7-இல் மாற்றிவிடலாம், 428-க்கு 254 மி.மீ. 256.5 ஆகும்போது. மூன்று இடத்தில் அளந்து மோசமானதை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சீல் செயின் சீராகத் தேயாது. ஒரு வளையம் அறுந்த மூட்டு மட்டும் தனியாக ஓடித் தேய்ந்துவிடும். செயின் ஒரு இடத்தில் இறுகி இன்னொரு இடத்தில் தொங்கினால், அட்ஜஸ்ட் செய்து பயனில்லை. மூட்டைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் தெரிந்தால் உள்ளே கிரீஸ் தீர்ந்து துரு பிடித்திருக்கிறது; அளவு எல்லைக்குள் இருந்தாலும் மாற்றுங்கள்.

பழைய செயினைத் தூக்கி எறியும்முன் பாருங்கள்: லாக் கிளிப் வகையாக இருந்து பின் தேயாமல் இருந்தால் பழைய லாக்கை எடுத்து வைக்கத் தோன்றும். வேண்டாம். வண்டியின் கருவிப் பையில் இருக்க வேண்டியது புதுச் செயினுக்குரிய புது கிளிப் லாக் இரண்டு, வெட்டும்போது மிஞ்சிய துண்டில் ஏழெட்டு லிங்க், ஒரு சின்ன செயின் பிரேக்கர். காட்டுக்குள் ஓர் உள் லிங்க் உடைந்தால் அதோடு இரு பக்கத்து வெளி லிங்குகளையும் எடுத்துவிட்டு, மிஞ்சிய துண்டிலிருந்து ஓர் உள் லிங்கைச் சேர்க்க வேண்டும். சேர்க்கும் துண்டுக்கு இரண்டு பக்கமும் இணைப்பு தேவை, அதனால்தான் லாக் இரண்டு.